கார்டு போட்ட புள்ளிகள்

முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். கழற்றி மாட்டச் சுலபமானது அதுதான். சுலபமானதை விட்டுவிட்டுக் கஷ்டமானதைப் பிரித்துப் போட்டு முழித்த நாட்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற கலியமூர்த்திக்கு நிறைய உண்டு. அதனால் மன்னார்குடி தேரடிக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்கேன் சென்டரின் ரிப்போர்ட் அறைக்குள் நுழைந்த கையோடு அவர் மேஜைக்குப் பின்புறம் குனிந்து, டாக்டருடைய மானிட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கி, முனையை ஊதி, மறுபடி மாட்டினார். ஒன்றும் மாறவில்லை. பையிலிருந்து வேறு கேபிளை எடுத்து மாட்டினார். அப்போதும் திரையின் மேல்பாதியில் பச்சைக் கோடுகள் குறுக்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன, கீழே மூலையில் சின்னச் சின்னச் சதுரங்கள், ஒன்று விட்டு ஒன்று கறுப்பாக, பாய் முடைந்த மாதிரி. "காலையில எட்டரைக்கு ஆன் பண்ணினப்ப ஒண்ணுமே இல்லண்ணே, நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் இந்தக் கூத்து" என்றாள் பர்வீன். பெண்களுக்கு மார்பக எக்ஸ்ரே எடுப்பவள் அவள்தான், எட்டு வருடமாக இங்கே வேலை. நல்லாத்தான் இருந்துச்சு என்ற வார்த்தையைக் கேட்காத நாள் அவர் தொழிலில் இல்லை. யாருமே பொய் சொல்வதில்லை, அவரவர் பார்த்த வரைக்கும் அது நன்றாகத்தான் இருந்திருக்கும், அதனால் அவர் எப்போதும் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார். "இன்னைக்குத்தான் முதல் தடவையா?" பர்வீன் யோசித்தாள். "கோடு இன்னைக்குத்தான். ஆனா போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, ஒன்பது நாள் இருக்கும், காலையில டெஸ்ட் படம் போட்டுப் பார்ப்போம்ல, அதுல பொடிப்பொடியா வெள்ளையா தெரிஞ்சுச்சு. தூசின்னு துணியால தொடச்சேன். போயிடுச்சு. போன மாதிரி இருந்துச்சு." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள், தொழுகையும் சாப்பாடும் முடித்துவிட்டு மூன்று மணிக்குள் வந்துவிடுவதாகவும், ரேணுகா டாக்டர் தஞ்சாவூரிலிருந்து நாலு மணிக்கு வந்துவிடுவார் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பொடிப்பொடியா, வெள்ளையா. அவர் அந்த இரண்டு வார்த்தைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

சனிக்கிழமை. அவர் மனைவி மங்கைக்கு இங்கே படம் எடுத்தது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை ரேணுகா டாக்டர் பார்த்து ரிப்போர்ட் எழுதியது இந்த மேஜையில், இந்தத் திரையில். 'ஒரே இடத்தில் கூட்டமாக நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள்' என்பதுதான் அந்த ரிப்போர்ட்டின் சாரம்; ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று கீழே இன்னொரு வரி. அதற்குத் தஞ்சாவூரில் வருகிற வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். இன்றைக்குத் திங்கள். வேண்டாம், முதலில் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. கேபிளை மாற்றியாகிவிட்டது, அடுத்தது மானிட்டர். ரிசப்ஷனில் யாரும் இல்லை, அங்கே வேலை செய்கிற பெண்ணும் சாப்பிடப் போயிருந்தாள். ஹாலில் டோக்கன் எண் காட்டுகிற சாதாரண மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினார். அதிலும் அதே கோடு, அதே சதுரம். அப்படியென்றால் மானிட்டர் நல்லது, கோளாறு பெட்டிக்குள்ளே. மென்பொருளாக இருக்குமோ என்று மெஷினை அணைத்துப் போட்டார். விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே, கறுப்புத் திரையில் கம்பெனி பெயர் வருகிற இடத்திலேயே எழுத்துகள் பல் போனதுபோல் இடையிடையே காணாமல் போயிருந்தன. ஆக மென்பொருளும் இல்லை. கிராபிக்ஸ் கார்டுதான். கணினி மனதில் நினைக்கிற படத்தைத் திரைக்குப் புரிகிற மாதிரி வரைந்து கொடுக்கிற கார்டு அது, அதற்கென்று தனியாக நினைவகம் உண்டு, அந்த நினைவகம் சூட்டில் வெந்து போனால் வரைய வேண்டியதை வரையாது, வரைய வேண்டாததை வரையும். இதை எத்தனை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருப்பார். கல்யாண ஆல்பம் செய்கிற ஒருவர் மாப்பிள்ளை முகத்தில் ஊதாக் கட்டம் விழுகிறது, எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று தூக்கிக்கொண்டு வந்தார், கார்டில் இருந்த தூசியைத் தட்டிக் காட்டி அனுப்பினார். ஊதாக் கட்டம் என்றால் யாருக்கும் தெரிந்துவிடும். வெள்ளைப் புள்ளி என்றால்? சாம்பல் படத்தில், ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி என்றால்?

டெஸ்ட் படத்தைத் திறந்தார். கறுப்பிலிருந்து வெள்ளை வரை வரிசையாகச் சாம்பல் கட்டங்கள் இருக்கிற படம், நோயாளிகள் யாருடையதும் இல்லை, திரை சரியாக இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பதற்கானது. மெஷின் சற்று ஆறியிருந்ததால் கோடுகள் குறைந்திருந்தன. நடுச்சாம்பல் கட்டத்தில் முதலில் ஒன்றும் இல்லை. அவர் டாக்டரின் நாற்காலியில் உட்காரவில்லை, ஒன்பது வருடமாக இந்த அறைக்கு வருகிறார், ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஏ.சி. காற்று பிடரியில் விழுந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும், நடுக் கட்டத்தில் வெள்ளையாக ஒன்று. பிறகு அதன் பக்கத்தில் இரண்டு. பிறகு கொஞ்சம் தள்ளி மூன்று, கோலமாவை விரலால் தட்டியது போல. அவருக்கு நெஞ்சுக்குள் எதுவோ எழுந்து நின்றது. சந்தோஷம்தான் அது. தன் கண்முன்னால் ஒரு கார்டு செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டான். இதைத்தான் டாக்டர் பார்த்திருக்கிறார். இந்தப் பொடியைத்தான். மங்கை உடம்பில் ஒன்றும் இல்லை, எல்லாம் இந்தத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது, இதைக் கழற்றிக் குப்பையில் போட்டால் தீர்ந்தது. மூடியைத் திறந்து பார்த்தார், கார்டின் மேல் இருந்த சின்ன விசிறி சுற்றவே இல்லை, தூசி கம்பளிபோல் அப்பியிருந்தது, பின்பக்கம் விரலை வைத்தவர் சூடு தாங்காமல் எடுத்துவிட்டார். பார் மங்கை, என்று சொல்லத் தோன்றியது, விசிறி நின்றுபோய் எத்தனை நாளோ. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

ஏனென்றால் அவள் அதைச் சொன்ன விதம். புதன்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராக லைப்ரரிக்குப் போய் டியூட்டியை முடித்துவிட்டு, கிளை நூலகர் அவள்தான், பூட்டுச் சாவியெல்லாம் அவள் பொறுப்பு, வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தோசை சாப்பிட்டு முடித்த பிறகு, கை கழுவிக்கொண்டே, "ஊசி போட்டுப் பார்க்கணுமாம்" என்றாள். எதற்கு என்று கேட்கவே அவருக்கு ஒரு நிமிடம் ஆனது, அன்றைக்குத்தான் ரிப்போர்ட் வருகிறது என்பதையே மறந்திருந்தார். படிக்கக் கொடுத்தாள். படித்தார். இப்போது கேட்டால் எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை. இடதா, வலதா? தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையின் மெஷினில் எந்த ஸ்லாட்டில் எந்த ராம் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மங்கைக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ரிப்போர்ட்டில் இடது என்றுதான் இருந்தது, இல்லை, படத்தில் வலப்பக்கம் இருந்ததால் வலது என்று நினைத்தோமா, டாக்டர்கள் படத்தை எதிரில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி மாட்டுவார்கள், இடதுபக்கத்துப் படம் வலப்பக்கம் தெரியும், அதில்தான் குழம்பியிருக்க வேண்டும், குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் காரணம் இருந்தால் மட்டும் சரியாகிவிடுமா, இருபத்து மூன்று வருடம் கூடவே படுத்து எழுந்தவன். அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதது தெரிந்துவிடும். அவளுடைய பெரியம்மாவுக்கு இதே மாதிரி வந்து, அப்போதெல்லாம் இந்தப் படமெல்லாம் கிடையாது, கையில் கட்டியாகத் தட்டுப்பட்ட பிறகுதான் போனார்கள், அந்த அம்மாள் கடைசியில் இருந்த கோலத்தை மங்கை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், பிறகு சொன்னதே இல்லை. அதை இப்போது நினைக்க வேண்டாம். கார்டு. சூடு. விசிறி. இதெல்லாம் தொட்டுப் பார்க்கக்கூடியவை.

மவுஸைப் பிடித்து டெஸ்ட் படத்தைப் பக்கவாட்டில் இழுத்தார். கண்ணாடியில் ஒட்டிய தூசி என்றால் படம் நகர்ந்தாலும் தூசி நகராது, அது போலக் கார்டு போட்ட புள்ளியும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும், உண்மையாகவே படத்தில் இருக்கிற புள்ளி மட்டும்தான் படத்தோடு போகும். இதுதான் அவர் கணக்கு. சில புள்ளிகள் நின்றன. சில படத்தோடு கூடவே போயின. அவர் கையை எடுத்துவிட்டார். ஆமாம், போகத்தான் செய்யும், படத்தை ஒரு தடவை நினைவகத்தில் ஏற்றும்போதே கெட்டுப்போய் ஏறினால், கெட்டதும் சேர்ந்துதான் நகரும். ஆக நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டரும் நகர்த்திப் பார்த்திருப்பார், பெரிதாக்கிப் பார்த்திருப்பார், கூடவே வந்திருக்கும், நம்பியிருப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டெஸ்ட் படத்தை மூடி மறுபடி திறந்தார். புள்ளிகள் இடம் மாறியிருந்தன. இது நல்ல அடையாளம், கார்டு ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில்தான் தப்புச் செய்கிறது. அப்படியென்றால் மங்கையுடைய படத்தைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தால். நினைப்பு அங்கே போய் இடித்துக்கொண்டு நின்றது. அதற்கு அவள் படத்தைத் திறக்க வேண்டும். ஒன்பது வருடமாக இந்த மெஷினில் எத்தனையோ பேருடைய படங்கள் இருந்திருக்கின்றன, ஹார்ட் டிஸ்க்கையே மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை, டெஸ்ட் படம் எதற்கு இருக்கிறது. இவள் என் பெண்டாட்டி என்றால் மட்டும் அது சரியா, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்? கேட்டால் எதற்கு என்பாள். எதற்கு என்றால் சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்கும் இந்த ஆசை வந்துவிடும், வந்த பிறகு இல்லை என்று ஆனால்? இன்னொன்றும் தோன்றியது, அது தோன்றாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்: இல்லாததைக் காட்டுகிற கார்டு, இருக்கிறதை மறைக்காமலா இருக்கும்? கறுப்புச் சதுரம் விழுந்த இடத்தில் என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள். இந்த ஒன்பது நாளில் ஒன்றும் இல்லை, போய் நிம்மதியாக இருங்கள் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட யாரோ ஒருத்தி.

மெஷினை அணைத்தார். இந்தக் கார்டை வைத்துக்கொண்டு எந்தப் படத்தையும் நம்ப முடியாது, நல்லதையும் நம்ப முடியாது கெட்டதையும் நம்ப முடியாது. ஸ்க்ரூவைக் கழற்றி, பக்கத்துக் கொக்கியை அமுக்கி, கார்டை உருவி எடுத்து மேஜைமேல் வைத்தார், அது இன்னும் சூடாகவே இருந்தது, வெந்த பிளாஸ்டிக் வாடை. மதர்போர்டிலேயே படம் காட்டுகிற வசதி ஒன்று சாதாரணமாக உண்டு, டாக்டருடைய உயர்தர மானிட்டருக்கு அது போதாது, ஆனால் டோக்கன் மானிட்டருக்குப் போதும். மாட்டிப் போட்டார். கோடு இல்லை, சதுரம் இல்லை. டெஸ்ட் படத்தைத் திறந்து கால்மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, மூடியின் உள்பக்கத் தூசியைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த இடத்தை மறுபடி துடைத்தார். நடுச்சாம்பல் கட்டம் துவைத்த துணி மாதிரி இருந்தது. ஆக நிரூபணம் ஆகிவிட்டது. வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான், கார்டு போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். பட்டியலைத் திறந்தார். தேதி வரிசையில் பெயர்கள். செவ்வாய்க்கிழமை. க. மங்கையர்க்கரசி, வயது 46, பெ. பெயருக்கு முன்னால் இருந்த க. அவருடையது. அம்புக்குறியைப் பெயர்மேல் வைத்துக்கொண்டு இருந்தார். வெளியே மோட்டார் ஓடி நின்றது, யாரோ தண்ணீர் டாங்கி நிரம்பிவிட்டது என்று சத்தம் போட்டார்கள். திறக்காவிட்டால் இன்னும் மூன்று நாள் இந்தச் சந்தோஷத்தோடு இருக்கலாம். அதற்குள் கை இரண்டு தடவை அழுத்திவிட்டது.

நாலு படங்கள் வந்தன. மூலையில் எழுத்து, L என்றும் R என்றும். கறுப்பில் சாம்பலாக, மேகம் மாதிரி, நிலா மாதிரி என்றெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை, ஒரு உடம்பின் உள்பக்கம், அவருக்குப் பழக்கமான உடம்பு, பழக்கமே இல்லாத மாதிரி. வலதில் ஒன்றும் தெரியவில்லை. இடதைப் பெரிதாக்கினார். மேல்பக்கம், அக்குளை ஒட்டி, ஐந்து புள்ளிகள். வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒன்றைவிட்டு ஒன்று விலகவும் செய்யாமல். இழுத்தார், கூடவே வந்தன. மூடித் திறந்தார். இடம் மாறவில்லை. எழுந்து ரிசப்ஷனுக்குப் போனார், அங்கே இருந்த மெஷின் வேறு, அதன் கார்டு வேறு, மானிட்டர் வேறு, அதில் அதே படத்தைத் திறந்தார். ஐந்து. எண்ணினார். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக, அரிசிக் குருணை மாதிரி. கேபிளை மாற்றியாகிவிட்டது, மானிட்டரை மாற்றியாகிவிட்டது, கார்டை எடுத்தாகிவிட்டது, மெஷினையே மாற்றியாகிவிட்டது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் மாறாமல் இருப்பது எதுவோ அதில்தான் கோளாறு. இந்தச் சூத்திரத்தைத் தான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்தபோது அவர் ரிசப்ஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. இடது என்று தெரிந்துவிட்டது. இனிமேல் மறக்காது.

மூன்று மணிக்குப் பர்வீன் வந்தாள். மேஜைமேல் கிடந்த கார்டையும் அவரையும் பார்த்தாள். "இதுதானாண்ணே?" "இதுதான். விசிறி நின்னு போயி நாளாச்சு. என் கடையில இதே வகையில ஒண்ணு இருக்கு, போய் எடுத்துட்டு வந்து மாட்டிடறேன்."  "அண்ணி படம்..." என்றாள். "பார்த்துட்டேன்" என்றார். "இருக்கு." பர்வீன் மறுபடி துப்பட்டாவைச் சரிசெய்தாள். அந்தச் செய்கையில் அவருக்குத் தெரிந்தது, அவளுக்கும் காலையிலிருந்து இதே ஆசை இருந்திருக்கிறது, அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்காமல் போயிருக்கிறாள். வண்டியில் கடைக்குப் போனார், கார்டை எடுத்தார், வந்தார், மாட்டினார், டாக்டருடைய மானிட்டரில் டெஸ்ட் படம் சுத்தமாக நின்றது. அப்போது பர்வீன் மெதுவாகக் கேட்டாள்: "கார்டு மாத்தியாச்சுன்னு மட்டும் சொல்லிட்டா போதுமாண்ணே? டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததெல்லாம்..."  சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருடையதற்கு விடை தெரிந்துவிட்டது, அது கார்டு போட்டது இல்லை, இனி அந்தக் கார்டு என்ன போட்டிருந்தால் அவருக்கென்ன. இப்படி நினைக்க முடிந்ததே என்று ஆச்சரியமாகவும் இருந்தது, ஆனால் நினைத்தார், ஒரு நிமிடம் முழுதாக நினைத்தார். பட்டியலில் அவர் பார்வை ஓடிய மற்றப் பெயர்கள், படிக்காமலே படித்த பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, அங்கே கை கழுவிக்கொண்டே சொல்கிற ஒருத்தி. "அந்தச் சனிக்கிழமையிலேர்ந்து எத்தனை பேரும்மா?" "பதினாலு." "பேரெல்லாம் எழுதி வை. நான் சொல்லிக்கறேன்."

ரேணுகா டாக்டர் நாலு மணிக்கு வந்தார், கைப்பையை வைத்தார், கேட்டார். கலியமூர்த்தி கழற்றிய கார்டைக் காட்டிச் சொன்னார். "அப்ப ஒன்பது நாளா நான் எழுதினதெல்லாம் தப்புங்கறீங்களா?" குரலில் கோபம் இருந்தது. "தப்புன்னு சொல்லல மேடம். எது கார்டு போட்டது, எது உள்ளயே இருக்கறதுன்னு அந்தத் திரையில யாருக்குமே தெரிஞ்சிருக்காதுன்னு சொல்றேன். நானே இழுத்துப் பார்த்தேன், படத்தோட சேர்ந்து வருது. எனக்குத் தெரிஞ்சது சனிக்கிழமையிலேர்ந்து. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கலாம்." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தூசி படிந்த விசிறியையே பார்த்தார். "அன்னைக்கு ஒருத்தருக்கு ரெண்டாவது தடவை எடுக்கச் சொன்னேன்ல பர்வீன், அப்பவே எனக்கு உறுத்திச்சு" என்றார், பிறகு, "வர்றவங்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லு. பதினாலையும் போடு. அதுக்கு முந்தின வாரத்தையும் எடுத்து வை, நாளைக்கு வந்து பார்க்கறேன். கலியமூர்த்தி, நீங்க இருங்க, மறுபடி ஏதாவது தெரிஞ்சா சொல்லணும்." அவர் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படங்கள் அவருக்கானவை இல்லை. பர்வீன் பெயரைச் சொல்வாள், மவுஸை அழுத்துகிற சத்தம் கேட்கும், டாக்டர் "சரி, இது சரி" என்பார். ஐந்தாவதாகப் பர்வீன் குரலைத் தாழ்த்தி, "மங்கையர்க்கரசி" என்றாள். "நீங்க வேணும்னா வெளிய நில்லுங்க" என்றார் டாக்டர், திரும்பாமல். "பரவால்ல மேடம்." நேரம் போயிற்று. டாக்டர் மற்றதைவிட இதை அதிக நேரம் பார்த்தார். "இருக்கு. அன்னைக்குப் பார்த்த அதே அஞ்சு. நிறையப் பேருக்கு இந்த மாதிரி இருந்தும் கடைசியில ஒண்ணும் இருக்காது, கலியமூர்த்தி. ஆனா பார்க்காம விடக்கூடாது." "சரிங்க மேடம்." அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். ஒன்பதாவதாக வடுவூர் தில்லைநாயகி என்றபோது சத்தம் நின்றது. "நான் எழுதின புள்ளி எங்க?" பெரிதாக்கினார், மூடினார், திறந்தார், ரிசப்ஷனுக்கே எழுந்து போய் அங்கேயும் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் இல்லை. அந்த அம்மாளுக்கும் தஞ்சாவூரில்தான் நாள் குறித்திருந்தது. டாக்டரே போன் செய்தார். "அம்மா, நல்ல சேதிதான். எங்க மெஷின்ல கோளாறு. ஆமா, எங்க தப்புதான். நாளைக்கு ஒரு தடவை வந்து மறுபடி எடுத்து உறுதி பண்ணிக்குவோம், இப்ப பார்த்த வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் இல்ல." அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது, அது டாக்டரிடம் பேசவே இல்லை, யாரையோ கூப்பிட்டது, "ஏங்க, இங்க வாங்களேன், இல்லையாம், எனக்கு இல்லையாம்" என்று வீட்டுக்குள் ஓடிக்கொண்டே. அது ஏன் மங்கையாக இருக்கக்கூடாது என்று கலியமூர்த்தி நினைத்தார். பிறகு அந்த ஓடுகிற சத்தம் அவருக்கும் பிடித்துப்போயிற்று. மீதி ஐந்தில் மாற்றம் ஒன்றும் இல்லை.

லைப்ரரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். செய்தித்தாள் மேஜையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மங்கை திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன இந்த நேரத்தில் என்று புருவத்தால் கேட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததில் ஒன்றும் மிச்சமில்லை, "உன் படத்தைத் திறந்து பார்த்தேன்" என்றார். அவள் கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். "யாரைக் கேட்டுப் பார்த்தீங்க?" "யாரையும் கேக்கல." "என்னையாவது கேட்டிருக்கணும்ல?" "கேட்டிருக்கணும்." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள், ஆனால் முகம் சிவந்துவிட்டது, அவர் எதிரே நின்றார், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், கோடு, சதுரம், விசிறி, டெஸ்ட் படத்தில் வந்த பொடி, அதைப் பார்த்ததும் தனக்கு என்ன தோன்றியது என்பது வரைக்கும். அது தோன்றியதைச் சொன்ன இடத்தில் அவள் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இருக்கா?" என்றாள். "இருக்கு." "அஞ்சுதானே?" அவர் நிமிர்ந்தார். "புதன்கிழமையே டாக்டர் ஸ்க்ரீன்ல காமிச்சாங்க. நான் எண்ணிட்டேன்" என்றாள். பிறகு வேறு யாருக்காவது மாறியதா என்று கேட்டாள், அவர் வடுவூர் அம்மாளைப் பற்றிச் சொன்னார், போனில் ஓடியதைச் சொன்னார். மங்கைக்குச் சிரிப்பு வந்தது, உண்மையான சிரிப்பு. "நல்லா இருக்கட்டும்" என்றாள். செய்தித்தாள் படித்தவர்களில் ஒருவர் எழுந்து போனார், அவருக்காக இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். "மூணு தடவை திறந்து பார்த்தேன்" என்றார் கலியமூர்த்தி. "ரெண்டு தடவை பார்த்தா தெரிஞ்சிருக்குமே." "முதல் தடவையிலயே தெரிஞ்சிடுச்சு."  புத்தகங்களில் மேலே இருந்ததை எடுத்துத் துடைத்தாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "தங்கச்சி கூட வர்றேன்னு சொல்லியிருந்தா" என்றாள் கடைசியில். "வேணாம்னு போன் பண்ணிடறேன். வியாழக்கிழமை நீங்க வாங்க. வெளிய வாசல்ல நிக்கறதுக்கு இல்ல, உள்ள வரைக்கும்." "வர்றேன்" என்றார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" "ஆறு மணி பஸ்ஸு" என்றாள் மங்கை, அவருக்கு உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டபடி.